செம்மறி மந்தையில் செயற்கைக் கருவூட்டல்

ராஜஸ்தானத்திலும் மாளவத்திலும் டில்லியின் சுற்றுப்புறங்களிலும் குடியேறி வாழும் தமிழர்கள், நெடுஞ்சாலையை மறித்துக்கொண்டு நகரும் செம்மறி மந்தைகளைப் பலமுறை கண்டிருப்பார்கள். முன்னே தலைப்பாகையுடன் ஒரு மேய்ப்பர். பின்னே ஒட்டகத்தின் மேல் கட்டிலும் பாத்திரங்களும், நடக்க முடியாத இளங்குட்டிகளும். ஆடுகள் எத்தனை இருக்கும் என்று நாம் மதிப்பிட்டுப் பார்க்கிறோம். அவற்றுள் கிடாக்கள் எத்தனை என்று எண்ணுபவர் அரியர். ஆனால், அடுத்த தலைமுறை மந்தை எவ்வாறு அமையும் என்பதைப் பெரிதும் நிர்ணயிப்பவை அந்தச் சில கிடாக்களே. ஒரு பெட்டை பெரும்பாலும் ஓர் ஈற்றுக்கு ஒரு குட்டியே ஈனும். ஒரு கிடாவோ ஒரே பருவத்தில் முப்பது நாற்பது குட்டிகளுக்குத் தந்தையாகிவிடும். அந்த முப்பதை முந்நூறாகவும் அதற்கு மேலும் பெருக்கும் உபாயமே செயற்கைக் கருவூட்டல்.

இம்முறை புதியதன்று. ருஷ்ய விஞ்ஞானி இவானோவ் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே பண்ணைப் பிராணிகளிடம் இதனைக் கையாண்டார். 1930-களில் சோவியத் நாட்டின் பெரும் ஆட்டுப் பண்ணைகளில் இது பரவிற்று. நம் நாட்டில் 1939-இல் மைசூர் அரண்மனைப் பால் பண்ணையில் டாக்டர் சம்பத் குமாரன் மாட்டினத்தில் முதன்முதலாக இதனைச் செய்து வெற்றி கண்டார். அதன்பின் பசுக்களுக்கு ஊசி போடுவது என்று கிராமத்தார் சொல்லும் அளவுக்கு இது சாதாரணமாகிவிட்டது. செம்மறியாட்டில் மட்டும் ஏன் அவ்வாறு பரவவில்லை?

விடை பெட்டையாட்டின் உடலமைப்பில் இருக்கிறது. பசுவுக்குக் கருவூட்டுபவர் ஒரு கையை மலக்குடலினுள் செலுத்தி, கருப்பையின் கழுத்தை வெளியிலிருந்து பற்றிக்கொண்டு, மறு கையால் குழாயை அதனுள் நடத்திச் செல்கிறார். சிறிய உடல் கொண்ட ஆட்டில் கை நுழைய இடமில்லை. மேலும், ஆட்டின் கருப்பைக் கழுத்து நேரான வழியன்று. ஒன்றன்பின் ஒன்றாகப் பல மடிப்பு வளையங்கள், அவற்றின் துவாரங்களும் ஒரே நேர்கோட்டில் அமையாமல் இங்குமங்கும் விலகி இருக்கும். குழாயின் நுனி முதல் மடிப்பிலோ அடுத்ததிலோ முட்டி நின்றுவிடுகிறது. விந்தை அந்த வாயிலில் விட்டுவிட்டு வருவதைத் தவிர வேறு வழியில்லை. மீதி வழியை உயிரணுக்கள் தாமே நீந்திக் கடக்க வேண்டும்.

கிடாவிடம் புதிதாக எடுத்த விந்தின் உயிரணுக்கள் இதனைச் செய்துவிடும். திரவ நைட்ரஜனில், பூஜ்யத்திற்குக் கீழே 196 டிகிரிக் குளிரில், உறைய வைத்த விந்தால் இது எளிதில் இயலுவதில்லை. உறைந்து உருகிய உயிரணுக்களில் பல மடிகின்றன. எஞ்சியவையும் வலிமை குன்றிச் சிறிது நேரமே வாழ்கின்றன. ஆகவே உறைந்த விந்தைக் கொண்டு ஆட்டைச் சினையாக்க, வயிற்றில் சிறு துளையிட்டு, விளக்குப் பொருத்திய குழாய்க் கருவியின் உதவியால் கருப்பையினுள்ளேயே விந்தைச் செலுத்துகிறார்கள். ஆஸ்திரேலியாவில் 1980-களில் வளர்ந்த முறை அது. பலன் நன்று, ஆனால் மருத்துவரும் கருவியும் மயக்க மருந்தும் வேண்டும். ஐம்பது ஆடுகள் வைத்திருக்கும் மேய்ப்பருக்கு அது கட்டுப்படியாகும் என்று எனக்குத் தோன்றவில்லை.

நடுவழி ஒன்று உண்டு. ஜெய்ப்பூருக்குத் தென்மேற்கே, டோங்க் மாவட்டத்து மால்புராவுக்கு அருகில், 1962-இல் நிறுவப்பட்ட மத்திய செம்மறியாடு மற்றும் கம்பளி ஆராய்ச்சி நிலையம் அமைந்துள்ளது. அவ்விடத்திற்கு அவிகாநகர் என்றே பெயர். அவி என்பது வடமொழியில் ஆட்டைக் குறிக்கும். அங்கே கையாளப்படும் முறையில் விந்தை உறைய வைப்பதில்லை; பாலோ முட்டை மஞ்சட்கருவோ கலந்த கரைசலில் நீர்க்க வைத்து, 5 டிகிரி அளவுக்குக் குளிர்வித்து, பனிக்கட்டிப் பெட்டியில் கிராமத்துக்குக் கொண்டு செல்கிறார்கள். அன்றைய தினமே அதைச் செலவிட்டுவிட வேண்டும்.

கணக்கைப் பாருங்கள். ஒரு கிடா ஒரு முறை தரும் விந்து ஏறக்குறைய 1 மில்லிலிட்டர்தான். அதில் சுமார் 300 கோடி உயிரணுக்கள் உள்ளன. ஒரு பெட்டைக்கு 15 கோடி போதும். ஆக, இயற்கைச் சேர்க்கையில் ஒரு பெட்டைக்குச் செலவாகும் விந்து இங்கே 20 பெட்டைகளுக்குப் பகிரப்படுகிறது.

அவ்வாறாயின், 20 பெட்டைகளும் ஒரே நாளில் பருவத்துக்கு வரவேண்டுமே? ஆங்கில நூல்கள் இந்நிலையைச் சூடு என்று பொருள்படும் சொல்லால் குறிக்கின்றன. தமிழில் பருவம் என்ற நல்ல சொல் இருக்க, அதனை மொழிபெயர்க்க வேண்டிய அவசியமில்லை. செம்மறிக்குப் பருவம் 17 நாட்களுக்கு ஒருமுறை வரும். ஒன்றரை நாள் அளவே நிற்கும். பசுவைப் போல் கத்தியும் பிற பசுக்கள்மேல் தாவியும் அது அறிவிப்பதில்லை. வயிற்றின் கீழ்த் துணி கட்டிய கிடா ஒன்றை மந்தையில் விட்டு, அது எந்தப் பெட்டையை நாடுகிறது என்று பார்த்தே கண்டறிய வேண்டும். இதற்குப் பதிலாக, இயற்கைச் சுரப்பினை ஒத்த மருந்து தோய்த்த நுரைப்பஞ்சைப் பெட்டையின் பிறப்புவழியில் 12 நாட்கள் வைத்து எடுத்தால், எல்லாப் பெட்டைகளும் சேர்ந்தாற்போல் பருவத்துக்கு வருகின்றன. பஞ்சை எடுத்த 48 மணி நேரத்தில் கருவூட்டலாம்.

ஆகஸ்ட் 1-ந் தேதி பஞ்சு வைக்கப்பட்டதென்று கொள்வோம். 13-ந் தேதி அதை எடுத்து, 15-ந் தேதி கருவூட்டினால், சினைக்காலம் 150 நாள் என்ற கணக்கில், ஜனவரி 12-ஐ ஒட்டிக் குட்டிகள் பிறக்கும். எல்லாப் பெட்டைகளும் சினையாகிவிடும் என்று எதிர்பார்க்கலாகாது. கிராமத்து மந்தையில் ஒரு முறை ஊட்டியதில் பாதி சினையானால் அதை நல்ல பலன் என்றே நான் சொல்வேன். மற்றவை செப்டம்பர் முதல் தேதியளவில் மறுபடியும் பருவத்துக்கு வரும். அவற்றுக்கு ஒரு கிடாவை விட்டுவிட வேண்டியதுதான்.

இங்கேதான் முழு வேலையும் வீணாகும் அபாயம் இருக்கிறது. கருவூட்டிய மறுநாளே பழக்கம் காரணமாகப் பழைய கிடாவை மந்தையில் சேர்த்துவிட்டால், ஜனவரியில் பிறக்கும் குட்டி எதனுடையது என்று யாராலும் சொல்ல இயலாது. ஆகஸ்ட் மாதம் முழுவதும் கிடாவை விலக்கி வைத்திருந்தால், ஜனவரி நடுவில் பிறப்பவை ஊட்டிய கிடாவின் குட்டிகள். மாத இறுதியிலிருந்து பிறப்பவை பின்னர் விட்ட கிடாவின் குட்டிகள். பிறந்த தேதியே தந்தையின் பெயரைச் சொல்லிவிடும். காதில் ஓர் எண், நோட்டில் ஒரு வரி, செலவு அவ்வளவுதான். அந்த ஒரு வரி இல்லையேல், எவ்வளவு உயர்ந்த கிடாவின் விந்தைக் கொணர்ந்தும், அடுத்த பொலிகிடாவை அழகு பார்த்தே தேர்ந்தெடுக்கும் நிலை தொடரும்.

கிடாவின் நற்குணம் பரவும் வேகத்திலேயே அதன் குறையும் பரவும். வெளியில் தெரியாத ஒரு பிறவிக் குறையைக் கிடா தன்னுள் தாங்கி நிற்கலாம். அதன் குட்டிகளில் பாதி அக்குறையை மறைவாகப் பெற்றிருக்கும். கண்ணுக்கு ஒன்றும் புலப்படாது. அதே கிடாவின் விந்தை அதன் மகள்களுக்கே ஊட்டினால், எட்டில் ஒரு குட்டி ஊனத்துடன் பிறக்க நேரும். 30 குட்டிகளின் தந்தையிடம் இது ஒரு வீட்டுத் துன்பம். 500 குட்டிகளின் தந்தையிடம் இது ஒரு வட்டாரத்தின் துன்பம். நோய்களும் அப்படியே. பரிசோதித்த கிடாவாயின், சேர்க்கையால் தொற்றும் நோய்கள் மந்தைக்குள் வராமல் இம்முறை தடுக்கும். பரிசோதிக்காத கிடாவாயின், அந்நோய்களை ஒரே நாளில் பல மந்தைகளுக்குக் கொண்டு சேர்க்கும்.

எந்தக் குணத்தைப் பரப்புவது என்பதும் ஆராயத்தக்கது. வங்காளத்துச் சுந்தரவனப் பகுதியில் கரோல் என்றொரு சிற்றுரு ஆட்டினம் உண்டு. அது இரட்டை, மும்மைக் குட்டிகளை ஈனும். இதற்குக் காரணமான மரபணு மாற்றம் 2001-இல் கண்டறியப்பட்டது. கரோலையும், மால்புரா இனத்தையும், பால்வளம் மிக்க குஜராத்தின் பாட்டன்வாடியையும் கலந்து அவிகாநகர் விஞ்ஞானிகள் அவிஷான் என்ற இனத்தை உருவாக்கியுள்ளனர். ஊரில் தங்கித் தீவனம் இட்டு வளர்ப்போருக்கு இரட்டைக் குட்டி ஒரு வரம். நூற்றுக்கணக்கான மைல் நடக்கும் மந்தைக்கு அது வரம்தானா? தாய்க்குப் பால் போதாது; ஒட்டகத்தின் மேலும் இடம் போதாது. இரண்டு பிறந்து இரண்டும் நலிவதைவிட, வலிய குட்டி ஒன்றே போதுமென்று நினைக்கும் மேய்ப்பரை அறியாதவர் என்று சொல்ல எனக்கு மனமில்லை. அவருக்கு வேண்டிய கிடா வேறு. கால் வலிமையும், வறட்சியைத் தாங்கும் உடலும் கொண்ட தாயின் மகனாக அது இருக்க வேண்டும்.

நம் நேயர்களுள் சொந்த ஊரில் நிலமும் ஆடும் உடையவர்கள் இருப்பார்கள். கொடைக்கானல் மலையில் மன்னவனூரிலும் இந்நிலையத்தின் கிளை ஒன்று இயங்குகிறது. ஆனால் மலைக்குரிய கம்பளி ஆடுகளின் கிடாவைச் சமவெளிக்கு விரும்ப வேண்டாம். மேச்சேரியோ ராமநாதபுரம் வெள்ளையோ அந்தந்த மண்ணுக்குப் பழகியவை. எவ்வினமாயினும், ஆகஸ்டில் கருவூட்ட எண்ணுவோர் ஆடி பிறக்கும்போதே பெட்டைகளைப் பிரித்து, நாளொன்றுக்குக் கால் கிலோ அளவு தானியக் கலவை கொடுத்துவர வேண்டும். மெலிந்த பெட்டைக்குப் பஞ்சு வைப்பது வீண் செலவு.