கையில் திறமை இருக்கிறது, கடிதத்தில் இல்லையே!

இருபது ஆண்டுகள் தொழிற்சாலையில் தரக் கட்டுப்பாட்டுப் பிரிவில் வேலை பார்த்த ஒருவரை நினைத்துப் பாருங்கள். ஆட்குறைப்பில் வேலை போய்விடுகிறது. பிள்ளை கல்லூரியில் படிக்கிறது. வீட்டுக் கடன் மாதந்தோறும் கதவைத் தட்டுகிறது. 'இனி யாரிடமும் கைகட்டி நிற்க வேண்டாம், நாமே ஆலோசகராகி விடலாம்' என்று முடிவெடுத்து, கிள்ளான் வட்டாரத்துச் சிறு நிறுவனங்களுக்குப் பன்னிரண்டு பக்கத்தில் ஒரு முன்மொழிவு அனுப்புகிறார். பேச்சு வழக்கில் புரோபோசல் என்பது இதைத்தான். ஒரு மாதம் ஓடிவிட்டது. ஒருவர்கூடத் திரும்ப அழைக்கவில்லை.

இவரிடம் திறமை இல்லையா? தாராளமாக இருக்கிறது. அந்தப் பன்னிரண்டு பக்கத்தைப் புரட்டினால் காரணம் புரிந்துவிடும். முதல் பக்கத்தில் அவருடைய படம். அடுத்து அவர் படித்த படிப்பு, பெற்ற சான்றிதழ்கள், கலந்துகொண்ட கருத்தரங்குகள். எட்டாம் பக்கத்தில் சேவைகளின் பட்டியல், கடைசியில் விலை. வாடிக்கையாளரின் பெயர் கடித உறையில் மட்டும்தான் இருக்கிறது. பெண் பார்க்கப் போன மாப்பிள்ளை, பெண்ணிடம் ஒரு வார்த்தை கேட்காமல் தன் சம்பளத்தைப் பற்றியே பேசிவிட்டுத் திரும்பி வந்த கதைதான்!

ஆலோசகர் தொழில் நம் சமுதாயத்துக்குப் புதிதல்ல. பிரிக்பீல்ட்ஸில் 1938ஆம் ஆண்டு பிறந்து, அங்குள்ள விவேகானந்தா தமிழ்ப்பள்ளியில் படித்த டி. ஆனந்த கிருஷ்ணன், ஹார்வர்டில் வணிக நிர்வாகம் படித்துத் திரும்பியபின் தொடங்கிய முதல் தொழிலே ஓர் ஆலோசனை நிறுவனம்தான். எண்ணெய் வணிகமும் ஆஸ்ட்ரோவும் அதற்குப் பிறகு வந்தவை. 2024 நவம்பரில் மறைந்த அவர், இரட்டைக் கோபுரம் எழுந்த நிலத்தை மேம்படுத்தும் திட்டத்தில் முன்னின்றவர்களில் ஒருவர். அந்த நிலம் ஒரு காலத்தில் குதிரைப் பந்தயத் திடல். பந்தய நாட்களில் ஜாலான் அம்பாங் நெரிசலில் திணறும். கோபுரத்தின் 452 மீட்டர் உயரம் எல்லாருக்கும் தெரியும். ஆனால் அதற்கு முன்பே அங்கே தீர்க்க வேண்டிய ஒரு சிக்கல் இருந்தது என்பதைப் பலர் நினைப்பதில்லை.

சிறிய ஆலோசகருக்கும் இதே வழிதான். எழுதுவதற்கு முன் போய்க் கேட்க வேண்டும்.

கிள்ளானில் மசாலைத் தூள் தயாரிக்கும் ஒரு குடும்ப நிறுவனம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். நம் ஆலோசகர் அங்கே போய், "உங்களுக்கு எந்த விஷயம் தலைவலியாக இருக்கிறது, ஐயா?" என்று கேட்கிறார். முதலாளி, "பேரங்காடியிலிருந்து மாதம் இருநூறு பொட்டலம் திரும்பி வருதுங்க. ஒட்டு சரியில்லை, காற்றுப் போய்க் கட்டி கட்டியாயிடுது" என்கிறார். பொட்டலம் 6 வெள்ளி என்றால் மாதம் 1,200 வெள்ளி நட்டம். ஆண்டுக்கு 14,400 வெள்ளி. இந்தக் கணக்கை முதலாளியே இதுவரை போட்டுப் பார்த்திருக்க மாட்டார்!

இப்போது முன்மொழிவின் முதல் பத்தி தானாகவே வந்துவிட்டது. 'உங்கள் நிறுவனத்துக்கு மாதம் இருநூறு பொட்டலங்கள் திரும்பி வருகின்றன. ஆண்டுக்கு 14,400 வெள்ளி போகிறது' என்று அவர் சொன்னதை அவருடைய சொற்களிலேயே எழுதலாம். அடுத்து, மூன்று மாதத்தில் இதை எந்த அளவுக்குக் குறைக்க முடியும், குறைந்ததை எப்படி அளந்து காட்டுவது என்று சொல்ல வேண்டும். அதன் பிறகுதான், இதே வேலையை முன்பு எங்கே செய்தோம் என்று நான்கு வரி. இரண்டு பக்கம் போதும். இருபது ஆண்டு அனுபவம் அந்த நான்கு வரிக்குள் அடங்குமா என்று மனம் பதறும். அடங்கித்தான் ஆக வேண்டும்.

எப்படிச் செய்வோம் என்பதை எவ்வளவு விரிவாக எழுதுவது? இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். இயந்திரத்தின் வெப்ப அளவு முதல் எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்துவிட்டால், அந்தத் தாளை வைத்துக்கொண்டே அவர்கள் வேலையை முடித்துவிடலாம். என்ன செய்வோம், எத்தனை முறை வருவோம், முடிவில் கையில் என்ன கொடுப்போம் என்பது வரை எழுதலாம். செய்முறை ஒப்பந்தத்துக்குப் பிறகு.

இன்னொன்று. நேரில் பேசியவர் முதலாளியாக இருக்கலாம். படித்து முடிவு சொல்பவர் அவருடைய மகளாகவோ கணக்காளராகவோ இருப்பார். தமிழில் மணிக்கணக்காகப் பேசி, தேநீர் குடித்து, "செய்திடலாம் தம்பி" என்று முதலாளி தோளில் தட்டியிருப்பார். அந்தத் தேநீர் கணக்காளருக்குத் தெரியாது. ஆகவே அன்று அந்த அறையில் இல்லாதவர் படித்தாலும் விளங்கும்படி எழுத வேண்டும். அவர் எந்த மொழியில் படிப்பார் என்பதையும் முதல் சந்திப்பிலேயே கேட்டுக்கொள்வது நல்லது. அரசுத் துறை என்றால் மலாய் மொழிதான்.

அடுத்து, எல்லாரும் தடுமாறும் இடம்: விலை. 'ஒரு நாளைக்கு இவ்வளவு' என்று எழுதினால், அவர் நாளைக் குறைக்கச் சொல்வார். 14,400 வெள்ளி நட்டத்துக்குப் பக்கத்தில் 4,500 வெள்ளிக் கட்டணத்தை வைத்தால் அதன் பொருளே வேறு. எதிலும் உறவு கொண்டாடும் நம்மவர்கள், "நம்ம ஆளுதானே, பார்த்துப் போட்டுக் கொடுங்க" என்று கட்டாயம் கேட்பார்கள். கோபப்பட வேண்டியதில்லை. விலையை மட்டும் குறைத்தால், முதலில் சொன்னது பொய் விலை என்று ஆகிவிடும். "சரிங்க, ஆறு வருகையை நான்காக்கி 3,000 வெள்ளிக்குச் செய்கிறேன்" என்று வேலையையும் சேர்த்துக் குறைப்பதே முறை. இரண்டு வழிகளையும் முன்மொழிவிலேயே எழுதிவிடுபவர்களும் உண்டு. பாதிப் பணம் முன்பணமாக, மீதி எந்தக் கட்டத்தில், இந்த விலை எத்தனை நாளுக்குச் செல்லும் என்பவற்றை வெட்கப்படாமல் எழுத வேண்டும். வேலையை முடித்துவிட்டுப் பணத்துக்காக ஆறு மாதம் நடக்கிறவர்கள் கிள்ளான் பள்ளத்தாக்கில் கொஞ்சமா?

தாள் வேலையும் கொஞ்சம் உண்டு. தொழில் தொடங்கிய 30 நாட்களுக்குள் எஸ்எஸ்எம் ஆணையத்தில் பதிந்துகொள்ள வேண்டும். சொந்தப் பெயரில் என்றால் ஆண்டுக்கு 30 வெள்ளி, வணிகப் பெயர் என்றால் 60 வெள்ளி. பதிவு எண் இல்லாத தாளைக் கணக்காளர் ஓரமாக வைத்துவிடுவார். ஆலோசனைச் சேவைக்கான சேவை வரி 2024 மார்ச் 1 முதல் 8 விழுக்காடு. ஆனால் பன்னிரண்டு மாத வருவாய் 5 லட்சம் வெள்ளியைத் தாண்டினால்தான் பதிய வேண்டும். பதியாதவர் விலையில் அந்த வரியைச் சேர்க்கக் கூடாது.

பயிற்சி நடத்துபவர்களுக்கு ஒரு கூடுதல் தகவல். சட்டத்துக்கு உட்பட்ட தொழில்துறைகளில், பத்து அல்லது அதற்கு மேற்பட்ட மலேசியத் தொழிலாளர்களை வைத்திருக்கும் முதலாளிகள், சம்பளத்தில் 1 விழுக்காட்டை எச்ஆர்டி கோர்ப்புக்கு லெவியாகச் செலுத்துகிறார்கள். அந்தப் பணம் பயிற்சிக்குத்தான். பல முதலாளிகளுக்கு அது அங்கே கிடப்பதே நினைவில் இல்லை. பதிவு பெற்ற எந்தப் பயிற்சி நிறுவனத்தின் வழியாக நடத்தினால் அதிலிருந்து கோரலாம் என்று முன்மொழிவில் ஒரு வரி இருந்தால், "இப்போது பணமில்லை" என்ற பதில் மாறக்கூடும்.

அனுப்பியாயிற்று, ஒரு வாரமாகப் பதில் இல்லை. "என் கடிதம் கிடைத்ததா?" என்று கேட்டால் "கிடைத்தது" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். "இந்த மாதம் எத்தனை பொட்டலம் திரும்பி வந்தது, ஐயா?" என்று கேட்கலாம்.