கணினியின் ஆயுளைத் தீர்மானிப்பது யார்?

திருகோணமலைத் துறைமுகம் உலகின் ஆழமிக்க இயற்கைத் துறைமுகங்களுள் ஒன்று என்பதை நாம் அறிவோம். எனினும், ஆழம் எவ்வளவு, பாறைகள் எங்கே என்பதைக் காட்டும் கடல் வரைபடம் இன்றி எந்தக் கப்பலும் அதனுள் நுழையத் துணியாது. வரைபடத்தைப் பூட்டிவைத்துக்கொண்டு, எமது வழிகாட்டியை மட்டுமே அனுப்புவோம் என்று ஒருவர் கூறுவாராயின், அவ்வழிகாட்டி வர மறுக்கும் நாளில் துறைமுகம் இருந்தும் பயனில்லை. கணினியின் உதிரிப்பாகங்களைப் பொறுத்தவரை நாம் நீண்டகாலமாக இந்நிலையிலேயே இருந்து வந்துள்ளோம்.

திரையில் படத்தைத் தோற்றுவிக்கும் கிராபிக்ஸ் அட்டை தானாக இயங்குவதில்லை. எந்தக் கட்டளையை அட்டையின் எந்தப் பகுதிக்கு அனுப்புவது என்பதை அறிந்த 'இயக்கி' என்ற மென்பொருள் அதற்குத் தேவை. அட்டையின் தொழில்நுட்ப விபரங்களை உற்பத்தியாளர் வெளியிட்டால், திறந்த மூல மென்பொருளாளர் எவரும் இயக்கியை எழுதலாம், திருத்தலாம். மறைத்தால் அந்நிறுவனத்தின் தயவையே நம்பியிருக்க வேண்டும்.

2006இல் ஏடிஐ நிறுவனத்தை வாங்கிய ஏஎம்டி, 2007 செப்டெம்பரில் தனது ரேடியோன் அட்டைகளின் விபரங்களை வெளியிடத் தொடங்கியது. அவ்வாண்டு விற்பனைக்கு வந்த அட்டைகளை அந்நிறுவனம் 2012இல் வழமையான புதுப்பித்தலிலிருந்து விலக்கிய போதிலும், லினக்ஸில் அவற்றுக்கான திறந்த இயக்கிகள் தொடர்ந்து பேணப்பட்டன. என்விடியாவோ நெடுங்காலம் விபரங்களை மறைத்தது. அதன் அட்டைகள் இயங்கும் விதத்தை அவதானித்தே தன்னார்வலர்கள் 'நூவோ' என்ற இயக்கியைப் பெருமுயற்சியுடன் உருவாக்கினர். 2022 மே மாதத்தில் அந்நிறுவனம் இயக்கியின் ஒரு பகுதியைத் திறந்துவிட்டது. ஆயினும் அது 2018 முதல் அறிமுகமான புதிய தலைமுறை அட்டைகளுக்கே பொருந்தும். பழைய அட்டை வைத்திருப்போருக்கு அதனால் விமோசனம் இல்லை.

இது தொலைதூர நிறுவனங்களின் விவகாரம் என்று நாம் ஒதுங்கிவிட முடியாது. விண்டோஸ் 10க்கான பொதுவான ஆதரவு 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியுடன் முடிவடைந்தது. விண்டோஸ் 11ஐ ஏற்காத பழைய கணினிகள் பழுதின்றி இருந்தும் கழிவாகும் அபாயத்தை எதிர்நோக்குகின்றன. மூதூரிலோ கிண்ணியாவிலோ திருகோணமலை நகரிலோ, நன்கொடையாகக் கிடைத்த பழைய கணினிகளைக் கொண்டு பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் ஒரு பாடசாலைக்கு இது சிறு இழப்பன்று. அவற்றில் லினக்ஸை நிறுவிப் பயன்பாட்டை நீடிக்கலாம்; ஆனால், உதிரிப்பாகங்களுக்குத் திறந்த இயக்கிகள் இருந்தால் மட்டுமே அது முழுமையாகக் கைகூடும்.

திறந்த மூல மென்பொருள் எமக்கு அந்நியமானதுமன்று. 2004 டிசெம்பர் 26 ஆழிப்பேரலை எமது கரையோரங்களைச் சிதைத்தபோது, நிவாரணப் பணிகளை ஒருங்கிணைப்பதற்காக இலங்கைத் தன்னார்வலர்கள் உருவாக்கிய 'சஹானா' பின்னர் உலகின் வேறு நாடுகளிலும் பயன்பட்டது.

ஆகவே, கணினிகளை அன்பளிப்புச் செய்யும் பழைய மாணவர் சங்கங்களும் ஆலய, பள்ளிவாசல் நிர்வாகங்களும் விலையை மட்டும் விசாரிப்பது போதாது. இதற்குத் திறந்த இயக்கி உண்டா என்ற கேள்வியையும் கொள்வனவுக்கு முன்னரே எழுப்ப வேண்டும். பணம் கொடுத்து வாங்கிய பொருளின் ஆயுளைத் தீர்மானிக்கும் உரிமை, விற்றவரிடமன்றி எம்மிடமே இருத்தல் வேண்டும்.