பிளாக் ஐட் பீஸ்: மூன்று பேரும் ஒரு நாற்காலியும்

இளையராஜா ரசிகர்களில் பலருக்கு பிளாக் ஐட் பீஸ் என்கிற அமெரிக்க ஹிப்-ஹாப் குழுவை ஒரே ஒரு காரணத்துக்காகத் தெரிந்திருக்கும். 1985-ல் வந்த 'ஸ்ரீ ராகவேந்திரர்' படத்தின் 'உனக்கும் எனக்கும்' பாட்டிலிருந்து ஒரு துண்டை எடுத்து, 2003-ல் தங்களுடைய 'எலிஃபங்க்' ஆல்பத்தில் 'தி எலிஃபங்க் தீம்' என்று சேர்த்துக்கொண்டார்கள். இணையத்தில் அடிக்கடி கண்ணில் படும் தகவல், உண்மைதான். ஆனால் எனக்கு அந்த ஆல்பத்தில் வேறொரு விஷயம் உறுத்திக்கொண்டே இருந்தது. குழுவில் ஆள் மாறியதும் அந்த ஆல்பத்தில்தான், அவர்கள் உலகம் முழுக்கத் தெரிந்ததும் அந்த ஆல்பத்தில்தான். இரண்டுக்கும் எவ்வளவு சம்பந்தம்?

முதலில் கொஞ்சம் பூர்வீகம். வில்.ஐ.ஆம் லாஸ் ஏஞ்சலஸின் கிழக்குப் பகுதியில், ஏழைகளுக்கான அரசுக் குடியிருப்பில் வளர்ந்தவர். ஆப்பிள்.டி.ஆப் பிலிப்பைன்ஸின் ஆஞ்சலிஸ் நகரில் பிறந்தவர். அப்பா அங்கிருந்த அமெரிக்க விமானப்படைத் தளத்தில் வேலை பார்த்த கறுப்பின வீரர். குடும்பத்தை விட்டுப் போய்விட்டார். மகன் தத்துப் பிள்ளையாக 14 வயதில் அமெரிக்கா வந்தார். பள்ளி நாட்களில் இந்த இரண்டு பேரும் சேர்ந்ததுதான் எல்லாவற்றுக்கும் ஆரம்பம். சேர்ந்து ஆடினார்கள், ராப் எழுதினார்கள்.

1992-ல் இவர்களுடைய முதல் குழுவான 'ஆட்பன் கிளான்' ரூத்லெஸ் ரெகார்ட்ஸில் ஒப்பந்தமானது. அது என்.டபிள்யூ.ஏ. புகழ் ஈஸி-இ நடத்திய கம்பெனி. துப்பாக்கியும் தெருச்சண்டையும் பேசுகிற கேங்ஸ்டா ராப் கொடிகட்டிப் பறந்த காலம். இந்தப் பையன்களோ நடனமும் சமூக அக்கறையுமாக இருந்தவர்கள். பதிவு செய்த ஆல்பம் வெளியே வரவே இல்லை. 1995 மார்ச்சில் ஈஸி-இ எய்ட்ஸால் இறந்துபோக, அந்தக் கதை அதோடு முடிந்தது.

மறுபடி முதலிலிருந்து. அதே கிழக்கு லாஸ் ஏஞ்சலஸ்காரரான டபூ மூன்றாவது ஆளாக உள்ளே வந்தார். மெக்சிகோ வம்சாவளியும் பூர்வகுடி ஷொஷோனி வம்சாவளியும் கலந்தவர். குழுவின் பெயரும் மாறியது. பிளாக் ஐட் பீஸ் என்றால் வேறொன்றுமில்லை, நம்ம ஊர் காராமணிதான். அன்றிலிருந்து இன்றுவரை இந்த மூன்று பேரும் மாறவில்லை. மாறுவதெல்லாம் நான்காவது நாற்காலி. அதில் உட்காருவது எப்போதும் ஒரு பாடகி.

முதலில் உட்கார்ந்தவர் கிம் ஹில். சோல் இசை ஊறிய குரல். 1998-ல் வந்த 'பிஹைண்ட் தி ஃப்ரண்ட்', 2000-ல் வந்த 'பிரிட்ஜிங் தி கேப்' இரண்டிலும் பாடினார். ஆனால் பல இடங்களில் அவரைப் பின்னணிப் பாடகி என்றே குறிப்பிடுகிறார்கள், நான்காவது உறுப்பினர் என்று இல்லை. 2000-ல் விலகிவிட்டார். தன்னைக் கவர்ச்சியாக முன்னிறுத்த வேண்டும் என்ற அழுத்தம் இருந்ததாகப் பின்னாளில் அவரே பேசியிருக்கிறார்.

2002 வாக்கில் ஃபெர்கி வந்தார். சிறுவயதிலேயே தொலைக்காட்சியில் ஆடிப்பாடியவர், பிறகு 'வைல்ட் ஆர்கிட்' என்ற பெண்கள் பாப் குழுவில் இருந்தவர். அடுத்து நடந்ததை பில்போர்ட் ஆல்பம் பட்டியலே சொல்லும். முதல் இரண்டு ஆல்பங்கள் எட்டிய உச்ச இடம் 129, 67. ஃபெர்கி வந்த பிறகு 'எலிஃபங்க்' 14, 2005-ல் 'மங்கி பிசினஸ்' 2, 2009-ல் 'தி இ.என்.டி.' 1.

எண்களை மட்டும் பார்த்தால் தீர்ப்பு சுலபம்: எல்லாம் ஃபெர்கியால்தான். ஆனால் ப்ரோகிராம் எழுதுகிறவர்களுக்குத் தெரியும், ஒரே நேரத்தில் நாலு இடத்தில் கைவைத்தால் எது வேலை செய்தது என்று சொல்ல முடியாது. 'எலிஃபங்க்'கில் நடந்ததும் அதுதான். அவர்களுக்கு உலகக் கதவைத் திறந்த பாட்டு 'வேர் இஸ் தி லவ்'. செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பிந்தைய மனநிலையில் பிறந்தது; பிரிட்டனில் 2003-ல் அதிகம் விற்ற சிங்கிள். அதன் பல்லவியைப் பாடியது ஃபெர்கி இல்லை, ஜஸ்டின் டிம்பர்லேக். வில்.ஐ.ஆமின் இசையும் ராப்பிலிருந்து பாடக்கூடிய பல்லவிகளை நோக்கி நகர்ந்துகொண்டிருந்தது. கூடவே உலகம் முழுவதிலிருந்தும் ஒலித்துண்டுகளைப் பொறுக்க ஆரம்பித்தார்கள். இளையராஜா உள்ளே வந்தது இப்படித்தான். 2005-ல் வந்த 'டோண்ட் ஃபங்க் வித் மை ஹார்ட்' பாட்டுக்கு கல்யாண்ஜி-ஆனந்த்ஜியின் இந்தி சினிமாப் பாடல்களிலிருந்து எடுத்தார்கள். அதற்கு கிராமியும் கிடைத்தது.

அதனால் என் கணக்கு இது. கதவைத் திறந்தது ஃபெர்கி இல்லை. திறந்த கதவு மூடாமல் பார்த்துக்கொண்டதில் அவர் பங்கு பெரியது. 2009-ல் 'பூம் பூம் பவ்', 'ஐ காட்டா ஃபீலிங்' இரண்டும் அடுத்தடுத்து பில்போர்ட் ஹாட் 100-ல் தொடர்ந்து 26 வாரம் முதலிடத்தில் நின்றன. இரண்டாவது பாட்டைத் தயாரித்தவர் பிரெஞ்சு டி.ஜே. டேவிட் கெட்டா. அதற்குள் ஹிப்-ஹாப் ஒரு ஓரமாகப் போய், நடன அரங்க இசை நடுவில் வந்துவிட்டது. பழைய ரசிகர்கள் "ஃபெர்கி வந்து குழுவைக் கெடுத்துட்டாங்க" என்று புலம்பினார்கள்.

வேடிக்கை என்னவென்றால், 2018-ல் 'மாஸ்டர்ஸ் ஆஃப் தி சன்' ஃபெர்கி இல்லாமல் மூவர் ஆல்பமாக வந்தபோது புதிய ரசிகர்கள் தலைகீழாகப் புலம்பினார்கள்: "ஃபெர்கி இல்லாம இது அந்தக் குழுவே இல்ல." இரண்டு தரப்பும் தாங்கள் முதலில் கேட்டதையே அசல் என்று நினைக்கிறார்கள், அவ்வளவுதான். எது அசல் என்று முடிவு செய்வது அந்த மூன்று பேர். பெயர் அவர்கள் கையில், இசைத் தயாரிப்பு வில்.ஐ.ஆம் கையில். நாற்காலியில் இருப்பவரின் குரல் எவ்வளவு பிரபலமானாலும், அவர் எழுந்துபோனால் குழு தொடரும். கிம் ஹில் போனபோதும் தொடர்ந்தது, ஃபெர்கி போனபோதும் தொடர்ந்தது. மூன்று நண்பர்களின் விசுவாசம் என்று இதைப் பாராட்டலாம். ஆனால் அந்த விசுவாச வட்டத்துக்குள் எந்தப் பெண்ணும் முழுதாக நுழையவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

இப்போது நாற்காலியில் ஜே. ரே சோல். 'தி வாய்ஸ் ஆஃப் தி பிலிப்பைன்ஸ்' போட்டியில் ஆப்பிள்.டி.ஆப்பின் அணியில் பாடியவர். அவரையும் வைத்துக்கொண்டு 2020-ல் வந்த 'டிரான்ஸ்லேஷன்' ஆல்பம் லத்தீன் இசைப் பக்கம் சாய்ந்தது. அதிலுள்ள 'ரிட்மோ' லத்தீன் பாடல் பட்டியலில் முதலிடம் பிடித்தது. அடுத்த முறை இவர்கள் பாட்டு காதில் விழுந்தால், நான்காவது குரல் யாருடையது என்று மட்டும் கவனித்துப் பாருங்கள். எந்த வருஷத்துப் பாட்டு என்று ஏறக்குறையச் சொல்லிவிடலாம்.