கப்பல் பிரயாணிகளும் நமது கடைத்தெருவும்

சென்னைத் துறைமுகத்தில் உல்லாசக் கப்பல் ஒன்று வந்து நின்றால், அன்று நகரத்து வியாபாரிகளுக்கெல்லாம் நல்ல காலம் பிறந்துவிட்டதெனப் பலரும் எண்ணுகின்றனர். ஆயிரம் பேர் இறங்கினால் ஆயிரம் பணப்பைகள் திறக்குமென்பது அவர்கள் கணக்கு. அனுபவம் அவ்வாறு சொல்லவில்லை.

1896-ல் புதுப்பித்துக் கட்டப்பெற்ற சாந்தோம் தேவாலயத்தின் வாசலில் சிறிது நேரம் நின்று பார்ப்பவர்க்கு இது விளங்கும். பஸ் வந்து நிற்கிறது. பிரயாணிகள் இறங்கிக் கோபுரத்தைப் படம் பிடிக்கின்றனர். அப்போஸ்தலர் தோமையாரின் கல்லறையைத் தரிசிக்கின்றனர். வழிகாட்டி கடிகாரத்தைப் பார்த்ததும் அனைவரும் ஏறிக்கொள்ள, பஸ் புறப்பட்டுவிடுகிறது. சாலையோரத்து இளநீர்க்காரரிடம் ஒருவரும் வருவதில்லை.

பிரயாணிகளின் கருமித்தனம் இதற்குக் காரணமன்று. அவர்களுக்கு உணவும் படுக்கையும் கேளிக்கையும் முன்னரே செலுத்திய கட்டணத்தில் அடங்கியவை. காலை ஆகாரத்தை வயிறார உண்டு இறங்குபவர் இரவு உணவுக்குக் கப்பலுக்கே திரும்புகிறார். ஹோட்டல் அறையும் அவருக்கு வேண்டுவதில்லை. கப்பல் பிரயாணிகள் மற்ற யாத்திரிகர்களைக் காட்டிலும் குறைவாகவே செலவிடுகின்றனர் என்று நார்வே தேசத்து ஆராய்ச்சியாளர்கள் 2013-ல் எழுதியதும் இதையே காட்டுகிறது.

ஆயின் அவர்கள் பணப்பை எதனால் திறக்கும்? முதலாவது, கரையில் கழியும் நேரம். பல நாட்டுத் துறைமுகங்களில் நடந்த ஆராய்ச்சிகள், நேரம் கூடினால் செலவும் கூடுமென்றே கூறுகின்றன. இரண்டாவது, ஏற்பாடு யார் கையில் உள்ளது என்பது. கப்பலிலேயே விற்கப்படும் சுற்றுலாவை வாங்கியவர், பஸ் நிற்கும் இடத்தில்தான் நிற்க முடியும்; அவர் செலுத்திய தொகையில் ஒரு பங்கு கப்பல் கம்பெனியிடமே தங்கிவிடுகிறது. மூன்றாவது, நம்பிக்கை. விலை தெரியாத கடையிலும், தரகர் பின்தொடரும் தெருவிலும், சுத்தமான கழிப்பிடமில்லாத இடத்திலும் அந்நியர் அதிக நேரம் தங்கார்.

இவற்றை நமது நகருக்குப் பொருத்திப் பார்ப்போம். துறைமுகத்திலிருந்து மாமல்லபுரம் ஏறக்குறைய 60 கிலோமீட்டர். ஒரே பகலில் அங்கே போய்த் திரும்புவோரின் நேரத்தில் பெரும்பகுதி சாலையிலேயே கழிகிறது. மயிலைக் கபாலீசுவரர் கோயிலோ நண்பகலில் நடை சாத்தி, மாலையில்தான் மீண்டும் திறக்கிறது. இதை அறியாமல் வகுத்த திட்டத்தால், பிரயாணி சாத்திய கதவைப் பார்த்துவிட்டுப் போகிறார்.

சாந்தோம் கப்பல் யாத்திரிகரைப் புதிதாகக் காணும் ஊரன்று. 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் தோமையாரின் கல்லறையைப் பற்றி எழுதிய மார்க்கோ போலோ, அவ்வூருக்கு வியாபாரிகள் வருவது அரிதென்றும், யாத்திரிகர்களே திரளாக வந்து புனித மண்ணை எடுத்துச் செல்கின்றனர் என்றும் குறித்தார். 16-ஆம் நூற்றாண்டில் போர்த்துகேசியர் குடியேறிய பின்னர் அது வாணிபத் துறையாக விளங்கிற்று. யாத்திரிகர் வந்தமட்டில் வாணிபம் தானே வளர்ந்துவிடாது என்பதற்கு இந்தச் சரித்திரமே சான்று.

2023 ஜூன் 5-ந் தேதி, 17.21 கோடி ரூபாய்ச் செலவில் அமைந்த சர்வதேச உல்லாசக் கப்பல் முனையம் சென்னைத் துறைமுகத்தில் திறக்கப்பட்டது. அன்றே ‘எம்ப்ரஸ்’ என்னும் கப்பல் இலங்கைக்குப் புறப்பட்டது. இங்கிருந்து கப்பலேறுவோரில் வெளியூரார் ஓரிரவு தங்கினாலும் ஹோட்டலுக்கும் வண்டிக்கும் வருமானமுண்டு. ஒரு பகல் மட்டும் இறங்கிப் போவோரிடம் அதை எதிர்பார்க்க இயலாது. முனையம் பொதுப் பணத்தில் எழுந்தது. அதன் பயன் கப்பல் கம்பெனியோடும் இரண்டொரு பெரிய கடைகளோடும் நின்றுவிடுவது நியாயமாகுமா?

செய்ய வேண்டியவை பெரிய காரியங்கள் அல்ல. சாந்தோம் தேவாலயத்திலிருந்து கச்சேரி சாலை வழியே மயிலைக் குளக்கரைக்கு ஏறக்குறைய ஒன்றரைக் கிலோமீட்டர்தான். நடைபாதையைச் செப்பனிட்டு, நிழலும் கழிப்பிடமும் அமைத்து, பஸ்ஸைத் தேவாலயத்தில் அனுப்பிவிட்டுக் குளக்கரையில் மீண்டும் ஏறச் செய்தால், பூக்காரியும் பாத்திரக்கடைக்காரரும் காப்பிக்கடைக்காரரும் பிரயாணியை நேரில் காண்பர். கப்பல் வரும் தேதியையும் நேரத்தையும் சிறு வியாபாரிகளுக்கு முன்கூட்டி அறிவிப்பது சர்க்காரின் கடமை. விலையை எழுதிவைத்து ஒரே விலைக்கு விற்பதும், கையில் எடுத்துச் செல்லத் தக்க நம் நாட்டுக் கைவேலைப் பொருள்களை வைத்திருப்பதும் வியாபாரிகளின் கடமை. கோயில் திறந்திருக்கும் நேரத்தை அறிந்து திட்டம் வகுப்பது வழிகாட்டிகளின் கடமை.

எத்தனை கப்பல்கள் வந்தன என்று கணக்கெடுத்து மகிழ்வது எளிது. வந்தவர் எத்தனை மணி நேரம் நமது தெருக்களில் நடந்தனர், எவர் கையில் காசு கொடுத்தனர் என்பதே கேட்க வேண்டிய கணக்கு. அதை நகர மாந்தர் விடாது கேட்பாராக!