இரண்டு பெடலுக்கும் ஒரு கொக்கி

நடவுக்கு முந்தைய வாரம் டெல்டாப் பக்கத்து டிராக்டர் பட்டறைகளில் நிற்க இடமிருக்காது. கிளட்ச், ஹைட்ராலிக் என்று வண்டிகள் வந்து நிற்கும். பிரேக்குக்கென்று வருவது அபூர்வம். சேற்றில் கிளட்சை மிதித்தாலே வண்டி நின்றுவிடுகிறதே என்பார்கள். அதே வண்டி நெல் மூட்டை ஏற்றிய டிரெய்லரோடு வாய்க்கால் பாலத்துச் சரிவில் இறங்குமே, அப்போது? டிரெய்லருக்குப் பெரும்பாலும் பிரேக் கிடையாது. அத்தனை பாரத்தையும் டிராக்டரின் இரு பின்சக்கரங்கள்தாம் பிடித்து நிறுத்த வேண்டும்.

மாஸி 35 வகைப் பழைய வண்டிகளில் ஒவ்வொரு பின்சக்கரத்துக்கும் 14 அங்குல டிரம், உள்ளே இரண்டு ஷூ. இடதுக்கும் வலதுக்கும் தனித்தனிப் பெடல். வரப்போரம் ஒன்றை மட்டும் மிதித்தால் வண்டி சட்டென்று வளையும். பழகிய பக்கத்தையே மிதித்து மிதித்து அந்தப் பக்கத்து லைனிங் முதலில் தேயும். பிறகு ரோட்டில் இரண்டையும் சேர்த்து மிதித்தாலும் வண்டி ஒரு பக்கமாக இழுக்கும். பிடிக்காத பிரேக்கைவிட இதற்குத்தான் நான் அதிகம் பயப்படுகிறேன். வேகத்தில் வண்டியையே கவிழ்த்துவிடும்.

எங்கள் வண்டியைப் பிரித்தபோது கூடவே இருந்தேன். முன்சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்த பிறகு, மெக்கானிக் முன் அச்சுக்கும் சட்டத்துக்கும் நடுவே இருபுறமும் மர ஆப்பு அடித்தார். முன் அச்சு நடுவில் ஒரே முளையில் ஆடுவது. ஆப்பு இல்லாவிட்டால் ஜாக்கியில் தூக்கிய வண்டி சாயும். சக்கரத்தைக் கழற்றி, துருவேறிய டிரம் திருகுகளோடு அரைமணி நேரம் மல்லுக்கட்டினார். டிரம் வந்ததும் லைனிங்கில் ரிவிட் தலைகள் பளபளத்தன. டிரம்முக்குள் நகம் சிக்கும் அளவுக்கு வரிப்பள்ளம்.

"ஷூவ மட்டும் மாத்தினா ரெண்டு மாசம் தாங்காதுண்ணே, இங்க பாருங்க" என்று அச்சடியில் விரலை வைத்து எடுத்தார். கறுப்பாக எண்ணெய். அச்சு ஆயில் சீல் போயிருந்தது. எண்ணெய் குடித்த லைனிங்கைத் தீயில் வாட்டிப் பூட்டுவதை நான் பார்த்திருக்கிறேன். சூடேறினால் எண்ணெய் மறுபடி கசியும். முதலில் சீல், பிறகுதான் லைனிங். பழைய லைனிங்கில் கல்நார் இருக்கலாம் என்பதால் தூசியைக் காற்றடித்து ஊத விடாமல் ஈரத்துணியால் துடைக்கச் சொன்னேன்.

டிரம்மைக் கடைசல் பிடித்து, இரு பக்கமும் புது லைனிங் போட்டு, சக்கரம் இறுகும்வரை அட்ஜஸ்டரைத் திருப்பி, உரசாமல் சுற்றும் அளவுக்குத் தளர்த்தினார். காலி மண்ரோட்டில் மெதுவாக ஓட்டி பிரேக் பிடித்துத் தடத்தைக் குனிந்து பார்த்தார். வலப்பக்கத் தேய்ப்புத் தடம் ஒரு முழம் நீளம். அந்தப் பக்கம் ஒரு பல் தளர்த்தியதும் இரண்டும் சமமாயின. இரு பெடலையும் சேர்க்கும் கொக்கியைத் தானே மாட்டிவிட்டுத்தான் சாவியைத் தந்தார்.