முதலில் வந்தவர்தான் வென்றவரா?

ஓட்டப்பந்தயத்தில் இறுதிக் கோட்டை முதலில் கடப்பவரே வெற்றியாளர். ஆனால், பிரிட்டனில் உள்ள பாய்மரப் படகு மன்றங்கள் பலவற்றில் நிலைமை வேறு. அங்கு வார இறுதிப் போட்டியில் பிந்தி வந்த படகுகூட முதற்பரிசைப் பெறலாம்.

இதற்குக் காரணம், அங்குப் பலவகைப் படகுகள் ஒன்றாகப் போட்டியிடுவதே ஆகும். படகின் நீளம், எடை, பாயின் பரப்பு ஆகியவற்றுக்கேற்ப அதன் வேகம் மாறுபடும். 15 வயதுக்கு உட்பட்டோர் செலுத்தும் ‘ஆப்டிமிஸ்ட்’ படகின் நீளம் ஏறத்தாழ 2.3 மீட்டர், ‘லேசர்’ படகோ 4.2 மீட்டர். இவ்விரண்டும் எவ்வாறு சமமாக மோத முடியும்?

இச்சிக்கலைத் தீர்க்க, ‘போர்ட்ஸ்மத் யார்ட்ஸ்டிக்’ எனும் முறை பயன்படுத்தப்படுகிறது. இம்முறையில் ஒவ்வொரு வகைப் படகுக்கும் ஓர் எண் உண்டு. மெதுவான படகுக்கு அந்த எண் அதிகமாக இருக்கும். படகு எடுத்துக்கொண்ட நேரத்தை 1000ஆல் பெருக்கி, அந்த எண்ணால் வகுத்தால் திருத்திய நேரம் கிடைக்கும். எடுத்துக்காட்டாக, 1000 எனும் எண்ணுடைய படகு 50 நிமிடத்திலும் 1250 எனும் எண்ணுடைய படகு 60 நிமிடத்திலும் போட்டியை முடிப்பதாகக் கொள்வோம். முதற்படகின் திருத்திய நேரம் 50 நிமிடம். இரண்டாவதற்கோ 48 நிமிடம். எனவே, பிந்தி வந்த படகே வெற்றி பெறுகிறது.

எனினும், இம்முறையில் குறையும் உண்டு. மன்றங்கள் அனுப்பும் போட்டி முடிவுகளைக் கொண்டே இந்த எண்கள் கணக்கிடப்படுகின்றன. ஆதலால், அவை சராசரியையே காட்டுகின்றன. பலத்த காற்றில் எடை குறைந்த விரைவுப் படகுகள் நீரின்மேல் வழுக்கிச் சென்று கூடுதல் பயன் பெறுகின்றன. போட்டியின் இறுதியில் காற்று ஓய்ந்துவிட்டால், இன்னும் கடலில் இருக்கும் மெதுவான படகுகளே பாதிப்படைகின்றன.

ஒரே வகைப் படகுகள் மோதும் போட்டியில் இத்தகைய ஐயம் எழுவதில்லை. 1996ஆம் ஆண்டு முதல் ஒலிம்பிக்கில் இடம்பெறும் லேசர் போட்டி இதற்குச் சான்று. படகுகள் ஒத்திருப்பதால், செலுத்துபவரின் திறனே வெற்றியை முடிவுசெய்கிறது. தம் தவற்றை அருகில் செல்லும் படகோடு ஒப்பிட்டு உடனே உணரவும் முடிகிறது.

ஆயினும், சிறிய மன்றத்தில் படகுகளை வகைவாரியாகப் பிரித்தால் ஒரு பிரிவில் இரண்டு மூன்று படகுகளே எஞ்சும். புதிய படகு வாங்க வசதியற்றோர் போட்டியை விட்டே விலகக்கூடும். இதனால், சில மன்றங்கள் போதிய எண்ணிக்கையுள்ள வகைக்கு மட்டும் தனிப்போட்டி நடத்துகின்றன. மற்றப் படகுகளை ஒன்றாகப் போட்டியிடச் செய்கின்றன. துல்லியமான நியாயம் வேண்டும்; அனைவருக்கும் வாய்ப்பும் வேண்டும். இவ்விரண்டையும் சீர்தூக்கிப் பார்ப்பதே மன்றங்களின் பொறுப்பாகும்.