கார் கண்ணாடி 'கிரீச்'னு கத்துதா, டோர் லாக் மல்லுக்கட்டுதா? தூத்துக்குடி உப்புக் காற்று கதவுக்குள் செய்யும் வேலை!

டோல்கேட்டில் ஃபாஸ்டேக் ஸ்கேன் ஆகவில்லை. ஊழியர் கண்ணாடியைத் தட்டுகிறார். பவர் விண்டோ சுவிட்சை அழுத்தினால் 'கிரீச்ச்ச்...' என்று ஒரு சத்தம். கண்ணாடி நாலு விரல் அளவு இறங்கி அப்படியே நிற்கிறது. பின்னால் லாரிக்காரர் ஹாரன் அடிக்க, வேறு வழியில்லாமல் கதவைத் திறந்து பாதி உடம்பை வெளியே நீட்டிப் பணம் கொடுக்க வேண்டியதுதான். பத்து வருஷம் தாண்டிய கார் வைத்திருக்கும் தூத்துக்குடிக்காரர்கள் பலருக்கு இது பழகிப்போன காட்சி.

"பழைய வண்டி, அப்படித்தான் இருக்கும்" என்று விட்டுவிடுபவர்கள்தான் அதிகம். ஆனால், வயசு மட்டும் காரணம் இல்லை. ஊரும் ஒரு காரணம்.

உப்பு எப்படி உள்ளே போகுது?

முத்தையாபுரம் தாண்டி திருச்செந்தூர் சாலையில் போனால் இரண்டு பக்கமும் உப்பளம். இந்தியாவில் உப்பு உற்பத்தியில் குஜராத்துக்கு அடுத்த இடம் தமிழ்நாட்டுக்கு. அதில் பெரும்பங்கு தூத்துக்குடியில் இருந்துதான் வருகிறது. ஒரு பக்கம் கடல் காற்று, இன்னொரு பக்கம் உப்புத் தூசி. நடுவில் நம்ம கார்.

மழையே பெய்யாவிட்டாலும் உப்பு படிந்த இரும்பு நனையும். எப்படி? சாதாரண உப்பு, காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால் ஈரத்தை உறிஞ்சித் தானே கரையத் தொடங்கும். கடல் உப்போடு சேர்ந்து வரும் மெக்னீசியம் குளோரைடு இன்னும் மோசம். ஈரப்பதம் 33 சதவீதம் இருந்தாலே போதும். அடுப்படியில் கல் உப்பு ஜாடி கசிகிற அதே கதைதான் கதவுக்குள்ளும் நடக்கிறது. வெளியே பெயின்ட் பளபளவென்று இருக்கும். உள்ளே ரெகுலேட்டர் கம்பியும் லாக் ஸ்பிரிங்கும் ராத்திரி முழுக்க உப்புத் தண்ணீரில் ஊறிக்கொண்டிருக்கும்.

இன்னொரு விஷயம் பலருக்குத் தெரியாது. கார் கதவு தண்ணீர் புகாத பெட்டி கிடையாது. கண்ணாடிக்கும் ரப்பருக்கும் இடையில் மழைத் தண்ணீர் உள்ளே இறங்கத்தான் செய்யும். அது வெளியேற கதவின் அடிப்பகுதியில் சின்னச் சின்ன ஓட்டைகள் விட்டிருப்பார்கள். அதில் மண்ணும் தூசியும் அடைத்தால் தண்ணீர் உள்ளேயே தேங்கும். கதவை ஆட்டும்போது 'சளக் சளக்' என்று கேட்டால் அதுதான் விஷயம். ஒரு மெல்லிய பிளாஸ்டிக் குச்சியை விட்டு அடைப்பை எடுத்துவிடலாம். ஐந்து நிமிஷ வேலை, செலவு பூஜ்யம்.

சத்தத்தை வைத்தே பாதி கண்டுபிடிக்கலாம்

'கிரீச்' சத்தத்தோடு கண்ணாடி மெதுவாக ஏறினால், பெரும்பாலும் குற்றவாளி மோட்டார் இல்லை. கண்ணாடி ஓடும் ரப்பர் சேனல், அதாவது மெக்கானிக்குகள் 'பீடிங்' என்று சொல்வது, காய்ந்து தூசி பிடித்திருக்கும். 'கட கட'வென்று அரைத்தால் ரெகுலேட்டர் கேபிள் பிரிந்திருக்கலாம், அல்லது அதன் பிளாஸ்டிக் கப்பி உடைந்திருக்கலாம். மோட்டார் ஓடும் சத்தம் கேட்கிறது, கண்ணாடி அசையவில்லை என்றாலும் ரெகுலேட்டர்தான். சத்தமே இல்லையா? ஃப்யூஸ், சுவிட்ச், கதவுக்கும் பாடிக்கும் நடுவே ரப்பர் குழாய்க்குள் போகும் வயர் என்ற வரிசையில் பாருங்கள். கதவைத் திறந்து மூடியே அந்த வயர் ஒடிந்துபோவது பழைய கார்களில் சகஜம்.

எஞ்சினை ஆஃப் செய்து ஒரு முறை, ஆன் செய்து ஒரு முறை கண்ணாடியை ஏற்றிப் பார்ப்பதும் நல்ல சோதனை. எஞ்சின் ஓடும்போது ஆல்டர்னேட்டர் சுமார் 14 வோல்ட் தரும் என்பதால் கொஞ்சம் வேகம் கூடுவது இயல்பு. ரொம்பவே வித்தியாசம் தெரிந்தால் கதவைக் கழற்றும் முன் பேட்டரியைப் பாருங்கள்.

பீடிங் பிரச்னைக்கு முதலில் கண்ணாடியை முழுசாக இறக்கி, ஈரத் துணியைச் சேனலுக்குள் விட்டு அழுக்கைத் துடைக்க வேண்டும். காய்ந்ததும் சிலிக்கான் ஸ்பிரேயை அதன் குழாய் வழியாக இரண்டு பக்கச் சேனலிலும் அடித்து, ஏழெட்டு முறை ஏற்றி இறக்கினால் போதும். சும்மா ஸ்பிரே மட்டும் அடித்தால் உள்ளே இருக்கும் உப்பும் மணலும் குழைந்து தேய்ப்புத்தாள் மாதிரி கண்ணாடியில் கோடு போடும்.

தேங்காய் எண்ணெய் விடுவது நம்ம ஊர் வைத்தியம். இரண்டு நாள் சத்தம் நிற்கும், உண்மைதான். அப்புறம் பிசுபிசுப்பில் தூசி ஒட்டி, முன்பைவிட மோசமாகும். பழைய எஞ்சின் ஆயிலும் கிரீஸும் ரப்பருக்கு ஆகவே ஆகாது, அது ஊதிப்போகும்.

ரெகுலேட்டர் போயிருந்தால் ஸ்பிரே உதவாது, மாற்றத்தான் வேண்டும். மோட்டாரும் சேர்த்து செட்டாக மாற்றச் சொன்னால், பழைய மோட்டாரைத் தனியாக பேட்டரியில் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். நன்றாகச் சுற்றினால் ரெகுலேட்டர் மட்டும் கிடைக்குமா என்று கேட்பதில் தப்பே இல்லை. டோர் பேடைக் கழற்றியதும் உள்ளே ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் ஷீட்டைக் கிழித்துத் தூக்கிப் போட்டுவிடுவார்கள் சிலர். அதைத் திரும்ப ஒட்டச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் அடுத்த மழையில் தண்ணீர் காருக்குள்ளேயே வரும்.

லாக் விஷயத்துக்கு வருவோம்

பின் கதவு உள்ளிருந்து திறக்கவில்லை என்று ஒர்க்‌ஷாப் போகும் முன், சைல்டு லாக் போட்டிருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். சிரிக்க வேண்டாம், நிறைய பேருக்கு நடக்கிறது.

சாவி இறுக்கமாகத் திரும்பினால் ஸ்பேர் சாவியைப் போட்டுப் பாருங்கள். அது ஈஸியாகத் திரும்பினால் தேய்ந்தது சாவி. இரண்டுமே இறுக்கம் என்றால் சாவித் துவாரத்தில் கிராஃபைட் பவுடர் கொஞ்சம் போடலாம். எண்ணெய் வேண்டாம். டபிள்யூ.டி-40 துருவை இளக்க நல்லது, ஆனால் நீண்ட நாள் நிற்கும் மசகு அது இல்லை. இளகிய பிறகு கதவின் ஓரத்தில் இருக்கும் லாட்ச்சிலும் கீல்களிலும் ஒயிட் லித்தியம் கிரீஸ் வைக்க வேண்டும்.

கதவை ஓங்கி அறைந்தால்தான் மூடுகிறதா? கதவைத் திறந்து வைத்து, ஸ்க்ரூ டிரைவரால் லாட்ச்சை 'க்ளிக்' ஆகும்வரை தள்ளுங்கள். பிறகு கைப்பிடியை இழுங்கள். ஈஸியாக விடுபட்டால் லாட்ச் சரி. பாடியில் இருக்கும் ஸ்ட்ரைக்கர் வளையம் இடம் மாறியிருக்கலாம், அல்லது கதவு தொங்கியிருக்கலாம். லாட்ச்சைத் திரும்ப விடுவிக்காமல் மட்டும் கதவைச் சாத்திவிடாதீர்கள்.

2023 டிசம்பரை மறக்க முடியாது

இதெல்லாம் வெறும் வசதிக் குறைவு இல்லை. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. ஸ்ரீவைகுண்டத்தில் ரயிலே பயணிகளோடு சிக்கி நின்றது. அப்படியொரு தண்ணீரில் மாட்டும்போது கண்ணாடி இறங்குமா என்பதுதான் கேள்வி.

ஒரு மீட்டர் அகலமுள்ள கதவின் மேல் வெளியே அரை மீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் நின்றால், அது அழுத்தும் விசை சுமார் 125 கிலோ எடைக்குச் சமம். உள்ளிருந்து தள்ளித் திறப்பது கஷ்டம். அதனால் தண்ணீர் ஏறும்போது முதல் வேலை, மின்சாரம் இருக்கும்போதே கண்ணாடியை இறக்குவது. வழக்கமான நாளிலேயே திணறும் கண்ணாடி அந்த நேரத்தில் கை கொடுக்காது. பழைய கார்களின் பக்கக் கண்ணாடி பெரும்பாலும் அடித்தால் பொடிப்பொடியாகும் வகை. உடைக்கும் சுத்தியல் ஒன்றை டிரைவர் கைக்கு எட்டும் இடத்தில் வைத்து, நடுவில் இல்லாமல் கண்ணாடியின் மூலையில் அடிக்க வேண்டும். முன் கண்ணாடியோடு மல்லுக்கட்டுவது வீண், அது நடுவில் பிளாஸ்டிக் படலம் வைத்தது.

செகண்ட் ஹேண்ட் கார் பார்க்கப் போகிறவர்களும் நாலு கண்ணாடியையும் முழுசாக இறக்கி ஏற்றிப் பாருங்கள். வெள்ளத்தில் நின்ற வண்டிக்கு சீட் கவரை மாற்றிவிடுவார்கள், வாசனைக்கு ஏதாவது தொங்கவிடுவார்கள். கதவு அடி ஓட்டைகளில் காய்ந்த வண்டலை எடுக்க யாரும் மெனக்கெடுவதில்லை.

மற்றபடி, வடகிழக்குப் பருவமழைக்கு முன்னால் செப்டம்பரில் ஒரு முறை, உப்பு வாரும் கோடையில் ஒரு முறை மேலே சொன்னதைச் செய்தால் போதும். கார் கழுவும்போது கதவைத் திறந்து அதன் அடிப்பக்கத்திலும் கீலிலும் நல்ல தண்ணீர் ஊற்றுங்கள். போர் தண்ணீர் உப்புக் கரித்தால் கடைசி வாளி மட்டுமாவது குடிதண்ணீர்க் குழாயில் பிடித்ததாக இருக்கட்டும்.